தானப் பத்திரத்தில் ஒரு தெரு

தமிழ்நாட்டில் ஒரு மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால், அதற்குள் ஓடும் சாலைகள் அத்தனையையும் நிலத்தின் சொந்தக்காரர் உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் என்று அந்தந்த அமைப்பின் சார்பில் ஓர் அலுவலர் பெயருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகும். சர்வே எண், நான்கு எல்லை, சாலையின் நீள அகலம் எல்லாம் அதில் இருக்கும். விலை மட்டும் இருக்காது. கையெழுத்து விழும் நாளில் அந்தச் சாலை பெரும்பாலும் முளைக்கல்லும் அவற்றுக்கு இடையே பரப்பிய கிராவலுமாகத்தான் இருக்கும். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கனமான தார் எல்லாம் பின்னால் வர வேண்டியவை. காகிதத்தில் சாலை பொதுச் சொத்தாகிவிடுகிறது. தரையில் அது சாலையாகும்வரை உள்ள இடைவெளியில்தான் புறநகரின் வாழ்க்கை பாதி நடக்கிறது.

அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதே குடியிருப்பு வளர்ச்சியைக் கையாளும் எந்த நகராட்சிக்கும் தீராத தலைவலி. மனை விற்றவர் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். மனை வாங்கியவர் வரி கட்டத் தொடங்கிவிடுகிறார். நகராட்சியின் கையில் இருப்பது ஒரு தானப் பத்திரமும் காலியான கஜானாவும்.

தானத்தின் விலை

தானம் என்ற சொல் இங்கே சற்று ஏமாற்றக்கூடியது. ஐந்து ஏக்கர் நிலத்தை ஒருவர் மனையாகப் பிரிப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 500 சென்ட். அதில் கால்பங்கு சாலைக்குப் போகிறது என்று கொண்டால் 125 சென்ட் கழிந்துவிடும். மீதமுள்ள 375 சென்டில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்காக ஒதுக்க வேண்டும். அலுவலக வழக்கில் இதற்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர்; மனை போட்டு விற்கும் புரமோட்டர்கள் வாயில் ‘ஓஎஸ்ஆர்’. அது 37.5 சென்ட். இதற்கு மேல் ஒரு சதவீதம் பொதுப் பயன்பாட்டுக்கு: அரை சதவீதம் மின்வாரியத்துக்கு, அரை சதவீதம் உள்ளாட்சிக்கு. எல்லாம் போக விற்பனைக்கு நிற்பது ஏறத்தாழ 334 சென்ட். அதிலும் ஒரு பங்கு பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சிறு மனைகளாக வேண்டும். கழிந்த 166 சென்டின் விலை காற்றில் கரைவதில்லை. அது மீதமுள்ள மனைகளின் சதுர அடி விலைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தானம் செய்பவர் பெயர் பத்திரத்தில் புரமோட்டருடையது. பணம் மனை வாங்குபவருடையது.

2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்தக் கணக்குகளை மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கின. நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் பூங்கா ஒதுக்கீடு தேவையில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, இடம் ஒதுக்க முடியாத நிலையில் வழிகாட்டி மதிப்பின்படி பணமாகக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் பணத்துக்கு இடமில்லை, நிலமாகத்தான் தர வேண்டும். ஒரு பெரிய நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி, வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் விண்ணப்பிக்கும் பழைய தந்திரம் இந்த எண்களைச் சுற்றித்தான் பிறந்தது.

சாலை விஷயத்தில் அப்படிப் பணம் கட்டித் தப்ப முடியாது. சாலை இல்லாமல் மனை இல்லை. தெரு எவ்வளவு நீளமோ அதற்கேற்ப அகலமும் கூட வேண்டும் என்பது விதி. முனைகளில் வண்டி திரும்புவதற்காக மூலையை வெட்டி விடவும் வேண்டும். ‘30 அடி ரோடு’, ‘40 அடி ரோடு’ என்று விளம்பரத் தட்டியில் கொட்டை எழுத்தில் போடுவதற்குக் காரணம் புரமோட்டரின் தாராள மனம் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது வரைபடத்தை அங்கீகரித்த அலுவலகத்தின் நிபந்தனை.

நூறாண்டு பழைய கடமை

மனை விற்பவர் தெரு போட வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 175-ஆவது பிரிவே அதைச் சொல்லிவிட்டது: நிலத்தைக் கட்டடம் கட்டுவதற்கான மனைகளாக ஒருவர் விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ, அந்த மனைகள் ஏற்கெனவே உள்ள தெருவை ஒட்டி இல்லாவிட்டால், அவற்றுக்குச் செல்லும் தெருவை அவரே அமைத்து, இருக்கும் தெருவோடு இணைத்துவிட வேண்டும். அடுத்த பிரிவு இன்னும் நுணுக்கமானது. புதிய தனியார் தெரு போட விரும்புபவர் அதன் மட்டம், திசை, அகலம், கல் பரப்பும் விதம், வடிகால், விளக்கு எல்லாவற்றையும் காட்டும் வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிப்பதும் மறுப்பதும் நகர்மன்றத்தின் கையில் இருந்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு தெருவோடு ஒரு முனையிலாவது சேராத தெருவை நகர்மன்றம் மறுக்கலாம்.

அதே சட்டத்தில் இன்னொரு வழியும் இருந்தது. தனியார் தெரு ஒன்று சரியாகச் சமப்படுத்தப்படாமல், கல் பரப்பப்படாமல், வடிகால் இல்லாமல் கிடந்தால், இருபுறமும் உள்ள சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்லலாம். செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். வேலை முடிந்த தெருவைப் பொதுத் தெருவாக அறிவிக்கும்படி பெரும்பான்மைச் சொந்தக்காரர்கள் கேட்டால் நகராட்சி அறிவித்தாக வேண்டும். கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் தெரு, பிறகு பொதுவுடைமை. இன்று தானப் பத்திரம் அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது.

இந்தச் சட்டம் வந்த காலத்தில் பெரிய குடியிருப்புகளைப் போட்டது அரசுத் தரப்பே. 1920-இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், 1923–25 காலத்தில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான தியாகராய நகரில், பனகல் பூங்காவைச் சுற்றி விரியும் தெருக்கள் முதலில் வந்தன; வீடுகள் பின்னால் வந்தன. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்குப் பிறகு வளர்ந்த அண்ணா நகரிலும் வீட்டு வசதி வாரியம் சாலையை முன்கூட்டியே போட்டது. இன்றும் மழை நாளில் அண்ணா நகரின் அவென்யூக்களையும் புறநகரின் ஏதாவதொரு ‘விரிவு’ நகரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் இந்த வரிசையின் பொருள் விளங்கிவிடும்.

நிலைமை மாறியது தனியார் மனைப்பிரிவுகள் பெருகியபோது. பேருந்துத் தடமும் ரயில் நிலையமும் எட்டும் தூரம் வரை வயல்கள் மனையாயின. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் நிறைவேறியது. மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் சென்னைப் பெருநகரில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ-விடமும் மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும், அதாவது டிடிசிபி-யிடமும் சேர்ந்தது. ஆனால் வயல்வெளியில் நடந்தது வேறு. ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மனைகள் கைமாறின. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் அப்படித்தான் நாளிதழ் விளம்பரங்களில் நிலைத்தது. சட்டத்தில் அதற்குப் பொருள் இல்லை. சந்தையில் அதற்கு ஒரு விலை இருந்தது. டிடிசிபி மனையைவிடக் கொஞ்சம் மலிவு. அந்த மலிவுக்குள் தெருவின் அகலம், பூங்கா, வடிகால் எல்லாம் அடங்கிவிட்டன.

முடிவெடுப்பது ஓரிடம், பராமரிப்பது வேறிடம்

இப்போதைய நடைமுறை இப்படிப் போகிறது. பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பம் போகும். நிலம் நஞ்சையா, நீர் தேங்கும் இடமா, வாய்க்கால் குறுக்கே ஓடுகிறதா என்பதற்கு அந்தந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். பிறகு சாலைகளையும் பூங்காவையும் மட்டும் காட்டும் ஒரு வரைபடம் கொடுக்கப்படும். ‘ஸ்கெலிட்டன் பிளான்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதன்படி தரையில் கல் நட்டு எல்லை காட்ட வேண்டும். அலுவலர் வந்து அளந்து பார்ப்பார். அளவு சரியாக இருந்தால் தானப் பத்திரம். அதற்குப் பின்தான் மனைகளுக்கு எண் போட்ட இறுதி வரைபடம். உள்ளாட்சி தன் பங்குக்கு இறுதி ஒப்புதல் தந்து, சாலை, வடிகால், விளக்கு ஆகியவற்றைப் புரமோட்டர் தன் செலவில் அமைக்கச் சொல்லும். அல்லது மதிப்பீடு போட்டு அந்தத் தொகையைக் கட்டச் சொல்லும்.

இதில் மன்றத்துக்கு உள்ள இடம் மிகச் சிறியது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல் முதலாவது, நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது இரண்டாவது, சாலைகளும் பாலங்களும் நான்காவது. தமிழ்நாட்டில் நான்காவது பணி முழுமையாக உள்ளாட்சியின் தோளில் இறங்கியது. முதலாவதில் முடிவெடுக்கும் அதிகாரம் பெருமளவு மேலேயே நின்றுவிட்டது. ஒரு வார்டில் இருநூறு மனை வரப்போகிறது என்பதைக் கவுன்சிலர் பல நேரம் புரமோட்டர் கட்டும் அலங்கார வளைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் அந்த மனைப்பிரிவு வரும்போது, ‘தானமாகப் பெறப்பட்ட சாலைகளை ஏற்றுக்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு’ என்ற ஒற்றை வரியாக வரும். மேஜைகள் தட்டப்படும், அடுத்த பொருளுக்குப் போவார்கள். 1920-இன் நகர்மன்றம் தெருவின் திசையையும் மட்டத்தையும் பார்த்து மறுக்கும் உரிமை பெற்றிருந்தது. அந்தச் சட்டமே 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது விடைபெற்றது.

ஏற்றுக்கொண்ட சாலைகளின் சுமை எவ்வளவு என்பதற்குச் சென்னையே சாட்சி. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் அதற்குள் வந்தன. அவற்றோடு பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடின்றி வெட்டப்பட்ட தெருக்களும் வந்தன. பழைய நகரத்தின் தெருவுக்கு உள்ள வடிகாலும் சரிவும் இவற்றுக்குக் கிடையாது. புதிய பகுதிகளுக்கு மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை என்று அதன் பின் செலவான பணத்தில் ஒரு பங்கு, யாரோ எப்போதோ மனை விற்றபோது செலவழித்திருக்க வேண்டிய பணம்.

தாருக்கு அடியில்

வரைபடத்தில் சாலை என்பது இரண்டு கோடுகள். தரையில் அது பல அடுக்குகள். மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, கிராவல் கொட்டி, ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டி, அதற்கு மேல் தார் அல்லது சிமென்ட். விற்பனை தொடங்கும் நாளில் வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டும். அதனால் கீழுள்ள அடுக்குகள் மெலிகின்றன. கறுப்பாக ஒரு பூச்சு, ஓரத்தில் மஞ்சள் வெள்ளைக் கல், இருபுறமும் வளரத் துடிக்கும் பாக்குக் கன்றுகள் என்று தொடக்க விழாவுக்குத் தெரு தயாராகிவிடும். முதல் வீட்டுக்குச் செங்கல் ஏற்றி லாரி வந்ததும் அந்தப் பூச்சு பிளக்கும்.

இதைப் புரமோட்டரின் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மனைப்பிரிவுச் சாலைக்கு ஒரு பொறியியல் சிக்கலும் உண்டு. மனை விற்ற உடனே எல்லோரும் வீடு கட்டுவதில்லை. முதலீடாக வாங்கிப் போட்டவர்கள் பத்தாண்டு காத்திருப்பார்கள். நூறு மனையில் பத்து வீடு நிற்கும். முதல் ஆண்டே நல்ல தார் போட்டாலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய், கேபிள், கழிவுநீர் இணைப்பு என்று தெரு வெட்டப்படும். எல்லா வீடும் வரும்வரை காத்திருந்து போடலாம் என்றால், முதலில் வந்த பத்துக் குடும்பம் சேற்றில் நடக்கும். இரண்டுக்கும் நடுவே வழி, ஆரம்பத்திலேயே அடித்தளத்தையும் வடிகாலையும் குழாய்த் தடங்களையும் திடமாகப் போட்டுவிட்டு மேல்பூச்சை மட்டும் தள்ளிவைப்பது. அதற்கு யாராவது பணத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும்.

மட்டம் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத விஷயம். வயலாக இருந்த நிலம் இயல்பாகவே தாழ்வு. அதன் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரிக்கோ அடுத்த வயலுக்கோ போய்க்கொண்டிருந்தது. மனை வாங்கியவர் ஒவ்வொருவரும் மூன்றடி, நான்கடி மண் அடித்து வீட்டை உயர்த்திக்கொள்கிறார். தெரு மட்டும் பழைய மட்டத்தில் நிற்கிறது. அடைமழையில் தெருதான் வாய்க்கால். பிறகு நகராட்சி தெருவை உயர்த்துகிறது; முதலில் கட்டியவரின் வாசல் பள்ளமாகிறது. அவர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார். இந்தப் போட்டியில் வென்றவர் இதுவரை யாருமில்லை.

தெருக்கள் ஒன்றோடொன்று சேராததும் உண்டு. ஒவ்வொரு புரமோட்டரும் தன் நிலத்தின் எல்லைக்குள் மட்டும் யோசிக்கிறார். பக்கத்து மனைப்பிரிவின் தெரு தன் எல்லை வரை வந்தாலும், தன் பக்கத்துத் தெருவை அதற்கு நேராக அமைப்பதில்லை. நடுவில் ஒன்றரை அடி துண்டு நிலத்தைத் தன் பெயரிலேயே விட்டுவைத்து மதிலும் எழுப்புவார். பின்னால் அந்தத் துண்டுக்கு விலை பேசலாம். இதனால் பறவைக்கு நூறு மீட்டர் தூரத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நெடுஞ்சாலை வரை போய் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றிவர வேண்டியிருக்கும். இதைத் தடுக்கவே விரிவான வளர்ச்சித் திட்டங்கள் வரையப்பட்டன. அவற்றில் குறித்த ‘ஸ்கீம் ரோடு’ எவருடைய நிலத்துக்குள் வருகிறதோ, அவர் அனுமதி கேட்டு வரும்போது அந்தப் பகுதியைத் தானமாகக் கொடுக்க வேண்டும். கோளாறு என்னவென்றால், அனுமதி கேட்டு வராதவரின் நிலத்தில் சாலை நின்றுவிடுகிறது. நடுவில் துண்டுபட்ட அகலச் சாலைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

மனைப்பிரிவுக்கு வெளியே உள்ள சாலை வேறு கதை. ஊரின் வண்டிப்பாதைப் புறம்போக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருநூறு மனை வந்தால், இருநூறு வீட்டு வாகனங்களும் அந்தப் பாதை வழியே நெடுஞ்சாலைக்கு வர வேண்டும். உள்ளே 30 அடி, வெளியே மாட்டுவண்டி போன அகலம். அணுகுசாலையைப் பலப்படுத்துவது யார் கடமை என்பதில் எப்போதும் இழுபறி. 2016-இன் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சில் ‘ரெரா’, உள்வளர்ச்சிப் பணிகளையும் வெளிவளர்ச்சிப் பணிகளையும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. இரண்டிலும் சாலை உண்டு. வரையறை இருந்தாலும், வெளிச்சாலைக்கு ஒரு தனிப் புரமோட்டரிடம் எவ்வளவு கேட்பது என்ற கணக்கு எளிதில்லை. பெரிய அடுக்குமாடிகளிடமும் வணிகக் கட்டடங்களிடமும் உள்கட்டமைப்பு மற்றும் வசதிகளுக்கான கட்டணம் வாங்கப்படுகிறது. அது மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. கட்டணம் கட்டிய கட்டடத்தின் வாசலுக்கு அது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

2016 செப்டம்பரும் அதன் பின்னும்

பஞ்சாயத்து அப்ரூவல் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது நீதிமன்றம். விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாவதை எதிர்த்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. பெண்ணின் திருமணத்துக்கு மனையை விற்க நினைத்த குடும்பங்கள் திகைத்து நின்றன. தடையை மீறியதாகப் புரமோட்டரைப் பிடிக்க முடியவில்லை. அவர் எப்போதோ விற்று முடித்திருந்தார். அடி விழுந்தது அவரிடம் வாங்கியவர்கள் மேல்.

அரசு பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைத் திருத்தியது. 2016 அக்டோபர் 20 எல்லைத் தேதியானது. அதற்கு முன் மனையாகவே பதிவாகியிருந்தால் மறுபதிவுக்கு வழி கிடைத்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைக்கு 500 ரூபாய் ஆய்வுக் கட்டணம், அதற்கு மேல் வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம். விண்ணப்பக் காலக்கெடு அதன் பின் பலமுறை நீண்டது.

வரன்முறைப்படுத்தலில் சாலை விஷயம்தான் கடினமான முடிச்சு. பாதி மனை விற்று வீடு எழும்பிய இடத்தில் புதிய விதிப்படி அகலம் கேட்டால் வீடுகளை இடிக்க வேண்டும். அதனால் தரையில் உள்ளபடியே தெருக்கள் ஏற்கப்பட்டன. பதினாறடியோ இருபதடியோ, எது இருக்கிறதோ அது. அந்தத் தெருக்களையும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்படைக்க வேண்டியவரைத் தேடிப் பிடிப்பது குடியிருப்போர் நலச் சங்கங்களின் வேலையாயிற்று. பொது அதிகாரப் பத்திரம் கொடுத்த நிலச் சொந்தக்காரர் இறந்திருப்பார். வாரிசுகள் ஏழு பேர், ஒருவர் துபாயில். பட்டாவில் தெரு இன்னும் அந்தக் குடும்பத்தின் பெயரில் வயலாகவே இருக்கும். இந்தத் திட்டம் மனைகளுக்கு ஒரு பட்டம் சூட்டியது. தெருக்களுக்கு அகலம் சேர்க்கவில்லை, சேர்க்கவும் அதனால் முடியாது.

வாங்கலாமா என்ற கேள்வி

ஒருவர் நிலத்தை விலை கொடுக்காமல் வாங்கிக்கொள்ள உள்ளாட்சிக்கு உரிமை உண்டா? நீதிமன்றங்கள் இதற்கு இருவேறு காலத்தில் இருவேறு பதில் தந்திருப்பதுபோல் மேலோட்டமாகத் தோன்றும். பண்டிட் சேத்ராம் வசிஷ்ட் வழக்கில், பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய இடத்தை இலவசமாகத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்ற டெல்லி மாநகராட்சியின் தீர்மானத்தை உச்ச நீதிமன்றம் 1990-களில் ஏற்கவில்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது அந்த இடம் வேறு வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்; சட்டத்தில் அதிகாரம் இல்லாமல், வெறும் தீர்மானத்தால் உடைமையைப் பறிக்க முடியாது என்பது அதன் சாரம்.

2023 பிப்ரவரி 13 அன்று வசந்த் அபார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்கத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஓஎஸ்ஆர் விதியைச் செல்லும் என்றது. இங்கே பத்து சதவீத நிலத்தைத் தானமாகக் கேட்டது சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட வளர்ச்சி விதி. சொத்துரிமை பற்றிய அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவை அது மீறவில்லை என்று தீர்ப்பானது. கேட்பது மன்றத்தின் விருப்பமா, சட்டத்தின் விதியா என்பதில்தான் இரு தீர்ப்புகளின் வேறுபாடு அடங்கியிருக்கிறது. தீர்மானம் போட்டுக் கூடுதலாக ஏதாவது கறக்கப் பார்க்கும் உள்ளாட்சிகளுக்கு முதல் தீர்ப்பு இன்னும் கதவடைக்கிறது.

அமெரிக்காவில் வழக்கு இன்னொரு திசையில் போனது. ஒரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரம், கடையைப் பெரிதாக்க அனுமதி கேட்டவரிடம் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நிலம் கேட்டது. கட்டடம் உண்டாக்கும் சுமைக்கும் கேட்கும் நிலத்துக்கும் ஏறக்குறைய ஈடான அளவு இருப்பதை நகரம்தான் காட்ட வேண்டும் என்று 1994-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஏப்ரலில், கலிபோர்னியாவின் எல் டொராடோ கவுன்ட்டி ஒரே ஒரு வீட்டுக்கு விதித்த 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணத்தின் வழக்கில், கவுன்ட்டி மன்றம் சட்டமாகவே போட்டது என்பதாலேயே ஒரு கட்டணம் இந்தச் சோதனையிலிருந்து தப்பிவிடாது என்றது அதே நீதிமன்றம். அங்கே நகரம் ஈடு காட்ட வேண்டும். இங்கே விதியில் சதவீதம் இருந்தால் போதும். நிர்வாகத்துக்கு இந்திய வழி சுலபம். ஐந்து ஏக்கருக்கும் ஐம்பது ஏக்கருக்கும் ஒரே விகிதம் பொருந்துமா என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

கேட்டும் உயரமும்

தானமாகக் கொடுத்த சாலை பொதுச் சாலை. அதில் யாரும் நடக்கலாம், வண்டி ஓட்டலாம். ஆனால் ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று விற்ற பல மனைப்பிரிவுகளில் நுழைவாயிலில் இரும்புக் கேட் இருக்கும், காவலாளி இருப்பார். வருபவரின் பெயரும் எண்ணும் நோட்டில் எழுதப்படும். உள்ளே உள்ள தெருக்கள் அனைத்தும் நகராட்சியின் சொத்து. பக்கத்து மனைப்பிரிவுக்குப் போகும் வழியும் அதே தெருவாக இருந்தால் சண்டை வீதிக்கு வரும். ஒரே நிலத்தில் தொகுப்பாகக் கட்டப்படும் அடுக்குமாடிகளின் உள்வழிகள் வேறு வகை. அவை தானமாகாமல் குடியிருப்போர் பொறுப்பிலேயே நிற்கின்றன. விற்கும்போது இந்த இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுதான் குழப்பத்தின் வேர். கேட்டை விரும்புகிறவர் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் நகராட்சியை அழைப்பதில் உள்ள முரண்பாட்டை அதிகம் யோசிப்பதில்லை.

சாலை அகலம் புரமோட்டருக்கு வெறும் செலவாக மட்டும் இருப்பதில்லை, சில நேரம் வரவும்கூட. உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை தளப்பரப்புக் குறியீடு பெற, அதாவது மனைப் பரப்பைப்போல் 3.25 மடங்கு வரை தளம் கட்ட, 18 மீட்டர் அகலச் சாலை முன்னால் இருக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டிப் பெறும் தளப்பரப்பும் சாலை அகலத்தைப் பொறுத்தே கிடைக்கிறது. சாலை விரிவாக்கத்துக்குத் தன் மனையின் முன்பகுதியைத் தானமாகக் கொடுப்பவருக்கு, இழந்த நிலத்துக்கு ஈடாகக் கட்டுமான உரிமை கிடைக்கும் வழியும் விதிகளில் உண்டு. பண இழப்பீடு கொடுக்க முடியாத நகராட்சிக்கு இதுவே பெரிய உதவி. அதனால் ஒரே ஊரில் ஒருவர் சாலைக்கு அங்குலம் தர மறுத்து வழக்குப் போடுவதும், இன்னொருவர் கேட்காமலே ஐந்தடி பின்னுக்குத் தள்ளி எழுதிக்கொடுப்பதும் ஒரே ஆண்டில் நடக்கும்.

பிடியும் பதிவேடும்

நகராட்சிக்குப் புரமோட்டர் மேல் பிடி இருப்பது இறுதி ஒப்புதல் கையெழுத்தாகும்வரை மட்டுமே. அதற்குப் பின் நோட்டீஸ் அனுப்பலாம், நினைவூட்டலாம். தென்னிந்தியாவின் வேறு சில மாநிலங்கள் இந்தப் பிடியை நீட்டிக்க வழி கண்டிருக்கின்றன. தெலங்கானாவில் மனைப்பிரிவின் ஒரு பகுதி மனைகள் உள்ளாட்சியிடம் அடமானமாக நிற்கும். சாலையும் வடிகாலும் முடிந்ததாகச் சான்று கிடைத்த பிறகே அவற்றை விற்க முடியும். கர்நாடகத்தில் வேலை முன்னேறுவதற்கேற்ப மனைகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டுவந்தன. இரண்டிலும் ஊழலுக்கு இடமுண்டு. முடியாத சாலைக்கு முடிந்ததாகச் சான்று தர ஓர் அலுவலர் போதும். ஆனாலும் விற்காத மனை கையில் இருக்கும்வரை புரமோட்டர் ஊரைவிட்டுப் போவதில்லை.

ரெரா சட்டம் மனை வாங்குபவரின் கையிலும் ஒரு பிடியைக் கொடுத்திருக்கிறது. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுகள் பதிவு பெற வேண்டும். வாங்குபவர்களிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் நின்று, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவாக வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வேலைத்தரத்திலும் சேவைகளிலும் குறை தெரிந்தால், புரமோட்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முதல் மழையில் கரைந்த தாரைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருக்கும் சங்கத்துக்கு இந்தப் பிரிவு பயன்படும். பெரும்பாலான சங்கங்கள் அதற்குப் பதிலாகக் கவுன்சிலர் வீட்டுக்கும் எம்எல்ஏ அலுவலகத்துக்கும் மனுவோடு நடக்கின்றன. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் தாங்களும் பங்குத்தொகை கட்டித் தெரு போட்டுக்கொண்ட குடியிருப்புகளும் உண்டு. மனை விலைக்குள் ஒருமுறை, சொத்து வரியில் ஒருமுறை, பங்குத்தொகையாக மூன்றாம் முறை என்று ஒரே தெருவுக்கு அவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி வேலை வருவாய்த் துறையினுடையது. தானப் பத்திரம் பதிவானதும் அந்த நிலம் தனி உட்பிரிவாகப் பிரிக்கப்பட்டு, புல வரைபடத்திலும் பட்டாவிலும் சாலை என்றும் பூங்கா என்றும் உள்ளாட்சியின் பெயருக்கு மாற வேண்டும். பல இடங்களில் இது நடப்பதில்லை. பத்திரம் நகராட்சியின் கோப்பில் தூங்கும். பட்டாவில் பழைய சொந்தக்காரரே இருப்பார். பதினைந்து ஆண்டு கழித்து அவர் பேரன் பட்டாவைக் காட்டிப் பூங்காவையும், சில நேரம் தெருவின் முனையையும்கூட விற்பான். வாங்கியவர் வேலி போட்ட பிறகே நகராட்சி தன் கோப்பைத் தேடும். உட்பிரிவு முடிந்து, நகராட்சியின் சாலைப் பதிவேட்டில் நீளமும் அகலமும் ஏறினால்தான் அந்தத் தெரு பராமரிப்பு மதிப்பீட்டுக்குள் வரும். மனைப்பிரிவின் வரைபடத்தில் ‘சாலை எண் 4’ என்று இருந்ததற்கு மன்றம் ஒரு பெயர் வைத்து, முனையில் பலகை நடுவது அதற்கும் பிறகு. அதுவரை ஆட்டோக்காரர்கள் அதைப் புரமோட்டர் கட்டிய வளைவின் பெயரால்தான் அடையாளம் சொல்கிறார்கள்.